கித்துல்கல பாலத்துக்கு இசை தந்தவரின் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் கித்துல்கல பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். களனி கங்கையில் படகு விடுவது, ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடைகள், ஜப்பானியரிடம் பிடிபட்ட போர்க் கைதிகள் ரயில் பாலம் கட்டும் கதையான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காகக் கட்டிய பாலத்தின் கொங்கிறீட் அடித்தளம் இன்னும் அங்கே கிடப்பது என்று எல்லாவற்றையும் வடிவாக எழுதியிருந்தீர்கள். இயக்குநர் டேவிட் லீன் பெயர் இருந்தது, நடிகர் அலெக் கின்னஸ் பெயர் இருந்தது, ஒஸ்கார் விருதுகள் பற்றியும் இருந்தது. இசைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: சிப்பாய்கள் விசிலடித்துக்கொண்டு நடந்துவரும் அந்த மெட்டு இந்தப் படத்துக்காக உருவாக்கப்பட்டது என்று. யார் உருவாக்கினார் என்று இல்லை, படத்துக்கு இசை எழுதிய பிரிட்டிஷ் இசையமைப்பாளர் மல்கம் ஆர்னோல்ட்டின் பெயரும் இல்லை. அந்தத் தகவலும் பிழை.

அந்த மெட்டு 1914இலேயே வந்துவிட்டது. அதன் பெயர் 'கேர்னல் போகி'. எஃப். ஜே. ரிக்கெட்ஸ் என்ற பிரிட்டிஷ் இராணுவ பாண்ட் மாஸ்டர் கெனத் ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் வெளியிட்ட மார்ச், அதாவது சிப்பாய்கள் அடிவைத்து நடப்பதற்கான இசை, அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்கள் அந்த மெட்டுக்கு ஹிட்லரைக் கேலி செய்து கொச்சையான வரிகளைப் போட்டுப் பாடினார்கள். அதை 1957இல் திரையில் பாட முடியாது, அதனால்தான் படத்தில் விசில். சரி, அப்படியானால் இசையமைப்பாளர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். படத்தை ஒருமுறை திரும்பப் போட்டு அந்தக் காட்சியை மட்டும் கேளுங்கள். கைதிகள் முகாமுக்குள் வரும்போது முதலில் விசில் மட்டும்தான் வரும், கொஞ்ச நேரத்தில் ஒக்கஸ்ட்ரா உள்ளே நுழையும், ஆனால் ஒக்கஸ்ட்ரா வாசிப்பது கேர்னல் போகியை அல்ல, முற்றிலும் புதிய இன்னொரு மார்ச்சை. பழைய மெட்டின் மேல் புதிய மெட்டு ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று மறைக்காமல் போகும். பல வருடம் பிள்ளைகளுக்கு மேலைத்தேய இசை கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டின் மேல் இன்னொன்றை, அதுவும் தனியாக வாசித்தாலும் நிற்கக்கூடிய ஒன்றைக் கட்டுவது லேசான வேலை இல்லை. அந்த இரண்டாவது மார்ச்சையும் படத்தின் மிச்ச இசையையும் எழுதியவர் மல்கம் ஆர்னோல்ட். முழுப் படத்துக்கும் இசை எழுத அவருக்குக் கிடைத்தது பத்து நாள்தான். 1958இல் அந்தப் படம் வாங்கிய ஏழு ஒஸ்கார்களில் ஒன்று அவருடையது.

இந்தப் பெயர் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறி அவிசாவளை தாண்டிப் போகிற யாரும் கித்துல்கலவைக் கடந்துதான் போகிறார்கள். இங்கே கல்கிசை ஹோட்டல் அந்தப் படத்தில் ஆஸ்பத்திரியாக வருகிறது, மஹர கல்லுடைப்புக் குழியின் பக்கத்தில் முகாம் போட்டார்கள், பேராதனைப் பூங்காவும் வருகிறது. பாலம், ரயில், ஆறு என்று இடங்களைப் பற்றி எழுதுவதற்கு எல்லோரிடமும் ஏதாவது இருக்கிறது. இசை என்று வந்தால் மட்டும் அது தானாக விளைந்ததுபோல் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தமிழ்ப் பத்திரிகை என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உண்மையான சயாம் - பர்மா ரயில் பாதை 1942, 43 காலத்தில் ஜப்பானிய இராணுவம் கட்டுவித்தது, சுமார் 415 கிலோமீற்றர். அதில் 12,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் செத்தார்கள், படம் அவர்களைப் பற்றியது. ஆனால் செத்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பெரிய பங்கினர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். படத்தில் அவர்கள் கதை இல்லை. கித்துல்கலவில் நின்று செல்ஃபி எடுப்பதைப் பற்றி எழுதும்போது தமிழ்ப் பத்திரிகை ஒன்று இதற்கும் ஒரு பந்தி ஒதுக்கியிருக்கலாம். இதை ஆர்னோல்ட்டின் குறையாக நான் சொல்லவில்லை, அவர் கையில் வந்த படத்துக்கு எழுதினார். அந்தப் படத்தில் எங்கே இசை வரக்கூடாது என்பதும் படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாலம் தகர்கிற அந்தக் கடைசிக் கட்டத்தின் பெரும்பகுதியில் வாத்தியமே இல்லை, ஆற்றுச் சத்தம், ரயில் வரும் சத்தம், ஆட்கள் மூச்சு வாங்கும் சத்தம், அவ்வளவுதான். இன்றைக்கு வரும் படங்களில் அப்படி ஒரு இடத்தை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

இனி அவரைப் பற்றி. 1921 ஒக்டோபர் 21ஆம் திகதி, சப்பாத்துத் தொழிலுக்குப் பெயர்போன நோர்தம்டன் நகரில் பிறந்தவர், குடும்பமும் சப்பாத்து உற்பத்தி செய்த குடும்பம், ஐந்து பிள்ளைகளில் கடைசி. சிறு வயதில் லூயி ஆம்ஸ்ட்ரோங் வாசித்ததைக் கேட்டு ட்ரம்பெட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, லண்டன் ரோயல் கொலிஜ் ஒஃப் மியூசிக் வரை போனார். இருபத்திரண்டு வயதுக்குள் லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஒக்கஸ்ட்ராவின் முதல் ட்ரம்பெட் அவர்தான். போர் தொடங்கியபோது ஆயுதம் தூக்கமாட்டேன் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர், பிறகு விமானப்படையில் இருந்த அண்ணன் இறந்ததும் தானே போய் இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே அவரைக் கொண்டுபோய் பாண்டில் போட்டார்கள். சண்டையிட வந்தவனை ஊதச் சொல்கிறார்கள் என்று வெறுத்து, தன் காலிலேயே தான் சுட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

நான் அவரை மதிப்பதற்கு முதல் காரணம் அந்த ட்ரம்பெட் வருடங்கள். ஒக்கஸ்ட்ராவின் பின்வரிசையில் இருப்பவனுக்கு நாற்பது, ஐம்பது பார் (தாளச் சுற்று) சும்மா எண்ணிக்கொண்டிருந்துவிட்டு நாலு சுரம் ஊதுவது என்றால் என்ன என்று தெரியும். தான் இசை எழுத வந்தபோது அவர் அதை மறக்கவில்லை. அவருடைய 'இங்கிலிஷ் டான்ஸஸ்' (1950, 51) எட்டையும் எடுத்து எந்தப் பாகத்தையும் பாருங்கள், ஓரத்தில் இருக்கும் வாத்தியத்துக்கும் ரசித்து வாசிக்கிற மாதிரி ஒரு இடமாவது இருக்கும். அவர் எழுதிய கொன்செர்ட்டோக்களில் (ஒரு தனி வாத்தியத்தை முன்னிறுத்தி ஒக்கஸ்ட்ராவோடு வாசிக்கும் இசை) பல நண்பர்களுக்காக எழுதியவை. ஹோர்ன் வாசித்த டென்னிஸ் பிரெய்னுக்கு ஒன்று, மவுத் ஓர்கன் வாசித்த லாரி அட்லருக்கு ஒன்று (மவுத் ஓர்கனைச் சந்தைக்கடை விளையாட்டுப் பொருளாகப் பார்த்த காலத்தில்), ஜாஸ் கிளாரினெட்காரர் பென்னி குட்மனுக்கு ஒன்று, கிற்றார் கலைஞர் ஜூலியன் பிரீமுக்கு ஒன்று. இவற்றில் என் மனதை விட்டுப் போகாதது 1969இல் எழுதிய இரண்டு பியானோக்களுக்கான கொன்செர்ட்டோ. சிரில் ஸ்மித், ஃபிலிஸ் செலிக் என்ற கணவன் மனைவி இருவரும் பியானோ கலைஞர்கள். 1956இல் சோவியத் ஒன்றியத்தில் கச்சேரிக்குப் போன இடத்தில் பக்கவாதம் வந்து ஸ்மித்தின் இடது கை போய்விட்டது. பிறகும் இருவரும் சேர்ந்து மூன்று கைகளால் வாசித்தார்கள். அந்த மூன்று கைகளுக்கு என்றே ஆர்னோல்ட் எழுதினார், அதுவும் அனுதாபம் தேடும் சோக இசையாக அல்ல, கடைசிப் பகுதி எழும்பி ஆடவைக்கும் ரும்பா.

சிரிக்கவைக்கவும் அவருக்குத் தெரியும். 1956இல் கேலிச்சித்திரக்காரர் ஹொஃப்னுங் நடத்திய வேடிக்கை இசை விழாவுக்கு எழுதிய ஒரு ஓவர்ச்சரில் (ஒரே பகுதியாக வரும் சிறு ஒக்கஸ்ட்ரா இசை) மூன்று வக்யூம் கிளீனர், தரை மினுக்கும் இயந்திரம் ஒன்று, நாலு துவக்கு எல்லாம் ஒக்கஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும். கேட்டால் வயிறு நோகச் சிரிப்பீர்கள், ஆனால் அதற்குள்ளும் ஒரு நல்ல மெட்டு இருக்கிறது.

இப்படி எல்லாம் செய்ததற்கு அவருக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? 'படத்துக்கு எழுதுகிற ஆள்'. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசை எழுதியிருக்கிறார், டேவிட் லீனுடன் மட்டும் 'த சவுண்ட் பரியர்', 'ஹொப்சன்ஸ் சொய்ஸ்', பிறகு இந்தக் குவாய். இவற்றோடு ஒன்பது சிம்பொனிகள் (ஒக்கஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதும் பெரிய இசை), ஏறக்குறைய இருபது கொன்செர்ட்டோக்கள், பாலே, சேம்பர் இசை எல்லாம் இருந்தும் லண்டன் விமர்சகர்களில் பலர் அவரை ஒரு பெரிய இசையமைப்பாளராக எடுக்கவில்லை. காரணம் இரண்டு. ஒன்று சினிமா. மற்றது, அந்தக் காலத்தில் கரடுமுரடாக, மெட்டே இல்லாமல் எழுதுபவர்தான் ஆழமானவர் என்று ஒரு நம்பிக்கை இருந்தது, இவரோ வாயில் முணுமுணுக்கக்கூடிய மெட்டுகளைச் சிம்பொனிக்குள்ளே கொண்டுவந்து வைத்தார். ஐந்தாவது சிம்பொனி (1961) இளம் வயதில் செத்துப்போன நண்பர்களின் நினைவாக எழுதியது, அந்த டென்னிஸ் பிரெய்ன், வக்யூம் கிளீனர் விழாவின் ஹொஃப்னுங் இருவரும் அதில் அடக்கம். அதன் இரண்டாவது பகுதியில் வரும் மெட்டு படத்தில் வரும் மெட்டு மாதிரியே நெஞ்சைப் பிடிக்கும், அதைத்தான் விமர்சகர்கள் மலிவானது என்றார்கள். பெரிய உணர்ச்சி வரும்போது எல்லோரும் பழகிப்போன வார்த்தைகளில்தான் பேசுகிறோம் என்ற கருத்தில் அவரே அதற்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். செத்த வீட்டுக்குப் போன எவருக்கும் இது விளங்கும், அங்கே நாங்கள் சொல்லும் எதுவும் புதிதாக இருப்பதில்லை, ஆனாலும் மனதாரத்தான் சொல்கிறோம். அந்த மெட்டு கடைசிப் பகுதியின் முடிவில் முழு ஒக்கஸ்ட்ராவோடு ஒருமுறை பெரிதாக எழும்பி, எழும்பிய வேகத்திலேயே நொறுங்கி, மணிச் சத்தத்தோடு அடங்கிப் போகும். மலிவானது என்று சொன்னவர்கள் இந்த முடிவு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்களோ தெரியாது.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே நாலாவது சிம்பொனியைப் பற்றிச் சொல்லத்தான். 1958 ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் முதலிலும் லண்டன் நொட்டிங் ஹில் பகுதியில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியிருந்த கறுப்பு மக்களை வெள்ளை இளைஞர் கும்பல்கள் தெருத் தெருவாகத் துரத்தித் தாக்கின. வீடுகளை உடைத்தார்கள், பெற்றோல் குண்டு எறிந்தார்கள். தன் ஊரில் இப்படி நடந்ததை ஆர்னோல்ட்டால் தாங்க முடியவில்லை. பி.பி.சி. அவரிடம் ஒரு சிம்பொனி கேட்டிருந்தது. 1960இல் அவர் கொடுத்த சிம்பொனியில் ஒக்கஸ்ட்ராவின் வயலின்களுக்கும் குழல்களுக்கும் நடுவில் பொங்கோ, டொம் டொம், மரிம்பா என்று கரீபியன் தாள வாத்தியங்கள் இருந்தன, அவற்றின் தாளத்துக்கு மேலே யாரும் கூடச் சேர்ந்து பாடக்கூடிய ஒரு இனிமையான மெட்டு. துரத்தப்பட்டவர்களின் வாத்தியத்தைக் கொண்டுவந்து லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் ஹோல் மேடையில், பி.பி.சி. ஒக்கஸ்ட்ராவின் நடுவில் உட்காரவைத்து, தானே நின்று நடத்தினார். கடைசிப் பகுதியில் ஒரு மார்ச் கூச்சலாகக் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போகும். குவாய் படத்துக்கு மார்ச் எழுதி ஒஸ்கார் வாங்கிய அதே கைதான் இந்த மார்ச்சையும் எழுதியது. மார்ச் என்பது தைரியம் கொடுக்கும், அதே மார்ச் ஒரு கும்பலையும் கிளப்பும், இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1958 என்றதும் கொழும்பில் இருக்கும் எந்தத் தமிழருக்கும் வேறொரு நினைவு வராமல் இருக்காது. அதே வருடம், நொட்டிங் ஹில்லுக்கு மூன்று மாதம் முந்தி, மே கடைசியில் இங்கே தமிழருக்கு எதிரான கலவரத்தில் என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. எங்கள் வீட்டிலும் அந்த வருடத்தைப் பற்றி மூத்தவர்கள் மெதுவாகத்தான் கதைப்பார்கள். நொட்டிங் ஹில்லையும் கொழும்பையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்த, புகழும் பணமும் இருந்த ஒரு இசைக் கலைஞன், தன் ஆட்கள் செய்த கொடுமையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்காமல் தன் மிகப் பெரிய மேடையில் அதற்குப் பதில் சொன்னான் என்பது எனக்குப் பெரிய விஷயம். இங்கே அந்த வருடத்துக்கு யார் அப்படி ஒரு இசை எழுதினார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவருடைய மற்றச் சிம்பொனிகளைப் பற்றி இங்கே நீட்ட விரும்பவில்லை. ஆனால் 1968இல் பிரித்தானியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் நூற்றாண்டுக்காக எழுதிய 'பீற்றர்லூ' ஓவர்ச்சரைச் சொல்லாமல் விட முடியாது. 1819 ஓகஸ்ட் 16ஆம் திகதி மன்செஸ்டரில் வாக்குரிமை கேட்டு அமைதியாகக் கூடிய பெருங்கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்த சம்பவம் அது. முதலில் ஒரு அமைதியான பாட்டு, தூரத்தில் இராணுவ முரசு தொடங்கி மெல்ல மெல்ல நெருங்கும், பிறகு படுகொலை, பிறகு அதே பாட்டு திரும்பி வரும். பத்து நிமிடம்கூட எடுக்காத இந்த இசையைக் கேட்க வைத்தால் சரித்திரப் பாடம் பிடிக்காத பிள்ளையும் என்ன நடந்தது என்று கேட்கும்.

அவருடைய சொந்த வாழ்க்கை மிகக் கஷ்டமானது. மன நோய், குடி, பலமுறை தற்கொலை முயற்சி, ஆஸ்பத்திரி, குடும்பம் உடைந்தது. 1979இல் இருந்து தன் பணத்தைத் தானே கையாள முடியாதவர் என்று நீதிமன்றப் பாதுகாப்பில் வைக்கப்பட்டார். ஏழாவது சிம்பொனியை (1973) தன் மூன்று பிள்ளைகளுக்காக எழுதினார், அதைக் கேட்டால் ஒரு தகப்பன் எவ்வளவு குற்ற உணர்ச்சியோடு எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். 1980களின் தொடக்கத்தில் அவர் இனி எழுதமாட்டார், கன நாள் இருக்கவும் மாட்டார் என்றுதான் சொன்னார்கள். 1984இல் அந்தனி டே என்பவர் அவரைப் பார்த்துக்கொள்ள வந்தார், நோர்ஃபொக்கில் ஒரு வீட்டில் நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, நடை என்று ஒழுங்கு செய்து, கடைசிவரை கூடவே இருந்தார். இரண்டு வருடத்தில், 1986இல், ஒன்பதாவது சிம்பொனி வந்தது, அதை டேக்குத்தான் சமர்ப்பித்தார்.

அந்த ஒன்பதாவது சிம்பொனியைக் கையில் வைத்துக்கொண்டு அச்சிடுபவரையும் வாசிப்பவரையும் தேட வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் பக்கங்களில் ஒன்றுமே இல்லை, மூளை களைத்தவன் எழுதியது என்று நினைத்தார்கள். உண்மைதான், பல இடங்களில் இரண்டே குரல்கள், வெறும் கோடுகள், அலங்காரமே கிடையாது. கடைசிப் பகுதி மட்டும் மற்ற மூன்று பகுதிகளும் சேர்ந்த அளவுக்கு நீளம், மிக மிக மெதுவாகப் போகும். 1992 ஜனவரியில்தான் சார்ல்ஸ் குரோவ்ஸ் மன்செஸ்டரில் பி.பி.சி. ஃபில்ஹார்மோனிக்கோடு அதை முதல்முறை பொது மேடையில் நடத்தினார். அடுத்த வருடம் ஆர்னோல்ட்டுக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது. நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிற யாரும் அந்தக் கடைசிப் பகுதியை ஒருமுறை கேட்க வேண்டும் என்பது என் ஆசை. இருபது நிமிடத்துக்கு மேலே துக்கத்தோடு இழுத்துக்கொண்டு போய், கடைசியில் டி மேஜர் என்ற வெளிச்சமான ஸ்வரக்கூட்டில் வந்து நிற்கும், அந்த ஒரு இடத்துக்காக அவ்வளவு தூரமும் நடந்த மாதிரி இருக்கும். 2006 செப்டெம்பர் 23ஆம் திகதி தன் 84ஆவது வயதில் அவர் காலமானார், அன்றைக்குத்தான் அவருடைய இசையில் 'த்ரீ மஸ்கெட்டியர்ஸ்' பாலே பிரட்ஃபோர்டில் முதல்முறை மேடையேறியது.

இதை எல்லாம் ஏன் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று உங்கள் வாசகர் சிலர் கேட்கக்கூடும். 2025 மார்ச் 8ஆம் திகதி இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது எங்கள் பத்திரிகைகள் எவ்வளவு எழுதின! எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு மேடையில் இருந்தது ரோயல் ஃபில்ஹார்மோனிக் கொன்சர்ட் ஒக்கஸ்ட்ரா. ஆனால் வந்த செய்திகளில் இருந்தது முழுக்க விமான நிலைய வரவேற்பு, பாராட்டு, யார் யார் வாழ்த்தினார்கள் என்பது, எந்தப் பகுதியில் என்ன நடந்தது, எந்த வாத்தியம் என்ன வாசித்தது என்று இசையைப் பற்றி ஒரு பந்தியையாவது தமிழில் தேடித் தேடிப் பார்த்தேன், நான் பார்த்த அளவில் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், படத்துக்கு மெட்டுப் போடுகிறவர் எழுதுவது எப்படிச் சிம்பொனி ஆகும் என்று கேட்ட ஆட்களும் இருந்தார்கள். ஆர்னோல்ட்டைப் பார்த்து நாற்பது வருடம் மற்றவர்கள் கேட்ட அதே கேள்வி அது. அவர் அந்த எல்லையை மதித்ததே இல்லை. 1969 செப்டெம்பரில் டீப் பர்ப்பிள் என்ற ரொக் இசைக் குழுவும் ரோயல் ஃபில்ஹார்மோனிக் ஒக்கஸ்ட்ராவும் சேர்ந்து லண்டன் ரோயல் அல்பர்ட் ஹோலில் வாசித்தபோது, ஒத்திகையில் ஒக்கஸ்ட்ராக்காரர் சிலர் ரொக் பையன்களை இளக்காரமாகப் பார்த்தார்கள், நடத்துனராக நின்ற ஆர்னோல்ட் தன் ஒக்கஸ்ட்ராவைத்தான் ஏசினார்.

படத்துக்கு எழுதுவதும் எழுத்துத்தான், இசைக் கலைஞரை அவர் எழுதியதைக் கேட்டுத்தான் எடைபோட வேண்டும், எங்கே விற்றார் என்பதை வைத்து அல்ல. இதைப் பத்திரிகை செய்யாவிட்டால் வேறு யார் செய்வது? என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் மேலைத்தேய இசையைப் பரீட்சைக்காகப் படித்தார்கள், லண்டன் பரீட்சைகளிலும் நல்ல புள்ளி எடுத்தார்கள், ஆனால் அந்த இசையைப் பற்றி வீட்டில் அப்பா அம்மாவோடு கதைக்க அவர்களிடம் தமிழ் இருக்கவில்லை, ஏனென்றால் தமிழில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிள்ளை வயலினில் என்ன வாசிக்கிறது என்று தெரியாமலே வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து வெளியே காத்திருந்த தாய்மாரை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். முதலாவது, அந்த விசில் மெட்டு பற்றிய தகவலைத் திருத்தி, மல்கம் ஆர்னோல்ட் பெயரையும் ரிக்கெட்ஸ் பெயரையும் அடுத்த ஞாயிறு இதழில் போடுங்கள். இரண்டாவது, சினிமாப் பக்கத்தில் நட்சத்திரச் செய்திக்கு ஒதுக்கும் இடத்தில் கொஞ்சத்தை இசைக்கு ஒதுக்குங்கள், கர்நாடகமோ மேலைத்தேயமோ படப்பாட்டோ எதுவானாலும், கேட்டுவிட்டு எழுதுகிற ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் நான் எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

மூன்றாவது உங்களுக்கு அல்ல, உங்கள் பத்திரிகை வழியாக எங்கள் நாட்டு இசைக்காரருக்கு. இலங்கை சிம்பொனி ஒக்கஸ்ட்ரா தொடங்கியதும் 1958இல்தான். எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் அந்த ஒக்கஸ்ட்ரா ஆர்னோல்ட்டின் நாலாவது சிம்பொனியைக் கொழும்பில் ஒருமுறை வாசிக்க வேண்டும். கரீபியன் தாள வாத்தியங்களுக்கு ஆள் தேடிக் கஷ்டப்படத் தேவையில்லை, தாளம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த ஊரில் குறைவா? முழுச் சிம்பொனி கஷ்டம் என்றால் 'பீற்றர்லூ'வில் தொடங்கலாம், அல்லது 'இங்கிலிஷ் டான்ஸஸ்' முதல் நாலு. பாடசாலைகளில் காற்று வாத்தியம் வாசிக்கும் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்தால் அவருடைய 'த்ரீ ஷான்டீஸ்' வாசிக்கலாம், ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், ஹோர்ன், பஸூன் இருந்தால் போதும், கடலோடிகளின் பாட்டுகளை வைத்து அவர் இருபத்தியொரு, இருபத்திரண்டு வயதில் எழுதியது, பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பழகுவார்கள். தனியாகக் கிளாரினெட் படிக்கும் பிள்ளைக்கு 1966இல் எழுதிய 'ஃபன்டசி' இருக்கிறது, பியானோ துணைகூடத் தேவையில்லை.

அந்த ஒக்கஸ்ட்ரா நாலாவது சிம்பொனியை எடுக்குமானால், நிகழ்ச்சிக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலையை என்னிடம் தரலாம். விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6